தம்பி கல்யாணத்துக்கு அம்மா போகாத வருஷம்

நம்மில் பாதிப் பேருக்கு இடுப்பு போயிருக்கும். மீதிப் பேருக்குத் தோள்பட்டை. யாராவது கேட்டால் வயசாகிவிட்டது என்போம், வாயு என்போம். வயசும் இல்லை, வாயுவும் இல்லை. படுத்துக் கிடக்கிற ஆளை ஒற்றை ஆளாகப் புரட்டிப் புரட்டி வாங்கிக்கொண்ட வலி அது. பெரம்பலூரில் பிசியோதெரபி ரூம் வாசல் பெஞ்சில் வாரா வாரம் உங்களையெல்லாம் பார்க்கிறேனே, உள்ளே போகிறவர்களைவிட வெளியே காத்திருக்கிற நாம்தான் அதிகமாக நொண்டுகிறோம்.

போன வாரம் அந்தப் பெஞ்சில் ஒரு தங்கச்சி அழுதாள். மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவள். மகள் காலேஜில் பட்டம் வாங்குகிற நாளைக்குக்கூட அவளால் போக முடியவில்லையாம். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “அழுவாதம்மா, நீ தெய்வம்மா” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “தெய்வத்தக் கோயில்ல வச்சுப் பூட்டித்தான் வைப்பாங்க, சும்மா இருங்க சார்” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் மாத்திரை போட்டுவிட்டுத் தூங்குகிறார். எழுந்திருப்பதற்குள் முடித்துவிடுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயசிருக்கும். செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆவணியில் சின்ன வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த சமயம். தாத்தா, அதாவது அப்பாவைப் பெற்றவர், வரப்பில் நின்று முருகன் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்படியே முன்னால் சாய்ந்து தரையில் விழுந்தார். வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள், விழுந்து கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். “இந்த வயசுலயும் பக்தியப் பாருங்கடி” என்று ஒருத்தி சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. சிலர் தாங்களும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ரொம்ப நேரம் எழுந்திருக்காததால்தான் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

டவுன் ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று அவருக்காக ஒரு கயிற்றுக் கட்டிலைத் தயார் செய்தார்கள். நடுவில் கயிற்றை அறுத்து வட்டமாக ஓட்டை. அடியில் சாம்பல் போட்ட மண்சட்டி. இன்றைக்கு நீங்கள் கடையில் விலை கொடுத்து வாங்குகிறீர்களே, அந்த வசதியெல்லாம் அப்போது அந்த ஓட்டையும் சட்டியும்தான். இடது கை வேலை செய்ததால், மாட்டுக் கழுத்தில் கட்டுகிற மணியொன்றை அப்பா கட்டில் சட்டத்தில் கட்டிவிட்டார். தாத்தாவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அதை ஆட்டுவார். அப்பா அதைக் கட்டிவிட்டு, பெரிய ஏற்பாடு செய்துவிட்ட திருப்தியோடு வயலுக்குப் போனார்.

மணி தாத்தாவின் கட்டிலில் கட்டியிருந்தாலும் அது அம்மாவுக்குக் கட்டினதுதான். அந்தச் சத்தம் கேட்கிற தூரத்துக்கு அப்பால் அவள் போனதே இல்லை. குளிக்கும்போது அடிக்கும். பாதித் தலை பின்னியிருக்கும்போது அடிக்கும். வாயில் சோற்றை வைக்கும்போது கண்டிப்பாக அடிக்கும். மற்ற பெண்கள் களத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு வெங்காயம் ஆய்வார்கள். எங்கள் வீட்டுப் பங்கை மட்டும் கூடையில் கொண்டுவந்து அம்மா முன்னால் கொட்டிவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு வாசனை. வெங்காயச் சருகு, கற்பூரத் தைலம், சாம்பல், மூத்திரம் எல்லாம் கலந்தது. இப்போது என் வீட்டில் டெட்டால் போட்டுத் துடைத்தாலும் சில சமயம் அதேதான் வருகிறது.

தாத்தா பொல்லாதவர் இல்லை. பாவம், அவருக்கும் வெட்கம். அம்மா துணி மாற்றும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார், மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். அம்மாவும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையால் மட்டும் வேலை செய்வாள். மாமனார் எதிரில் உட்கார்ந்துகூடப் பழக்கமில்லாதவள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே அத்தனை மாதம் இருந்தார்கள்.

கஞ்சி விஷயத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த மறுநாள், சிறுவாச்சூரில் வாழ்க்கைப்பட்ட அத்தை, அப்பாவின் அக்கா, தாத்தாவுக்குக் கஞ்சி கொடுத்தார். புரையேறிக் கண் செருகிவிட்டது. அம்மா ஓடிவந்து நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். குடித்துவிட்டார். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதிவிட்டார்கள். “மருமவ கையாலதான் சாப்புடுவாரு பெரியவரு. மத்தவங்க குடுத்தா எறங்காது.” அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். “கஞ்சி தண்ணியா இருந்துச்சு, படுக்க வச்சே ஊத்திட்டாங்க. நிமித்தி வச்சு கெட்டியா குடுத்தா யாரு குடுத்தாலும் குடிப்பாருங்க.” யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? அம்மாவின் கைராசி என்று ஊரெல்லாம் பேச்சு.

அப்புறம் பார்க்க வருகிறவர்கள். அடேயப்பா! நோயாளியைப் பார்க்க வராவிட்டால் பகை என்று நினைக்கிற ஊர் அது. ரொட்டியும் சாத்துக்குடியும் எடுத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். கட்டிலைச் சுற்றி நின்று, தாத்தாவுக்குக் காது கேட்காது என்பதுபோல, “ஐயோ, இனி எங்க எந்திரிக்கப் போறாரு” என்பார்கள். பிறகு பாயில் உட்கார்ந்து காப்பிக்குக் காத்திருப்பார்கள். அத்தையின் வீட்டுக்காரர் ஒரு நாள் கூடையில் இரண்டு புறா கொண்டுவந்தார். புறா ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் வாதம் ஓடிவிடுமாம். தேய்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, புறாக்கறியும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். காய்ந்து ஒட்டின ரத்தத்தில் எறும்பு ஏறி, தாத்தா மணியை விடாமல் ஆட்டித் தீர்த்தார். அதைச் சுரண்டித் துடைத்தது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வந்தவர்கள் ஒருவர்கூடக் காப்பித் தம்ளரைக் கழுவி வைத்ததில்லை. ஆனால் ஒருவர்கூடப் பாராட்டாமல் போனதும் இல்லை. “இந்தக் காலத்துல இப்படி மருமவ யாருக்கு வாய்க்கும்? நீ சாமிடி ஆத்தா.” அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிடும். அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா மேல் கை நீட்டினதில்லை, குடித்ததில்லை. நாலு பேர் எதிரில் பெண்டாட்டியைப் பெருமையாகச் சொல்வதுதான் அவர் செய்கிற ஒத்தாசை என்று மனசார நம்பினார். சாமி என்று ஒரு தடவை பேர் வாங்கிவிட்டால், எனக்கு முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு பாராட்டும் ஒரு தாழ்ப்பாள் என்று எனக்கு இந்த வயசில் என் வாசலில் கேட்கும்போதுதான் தெரிகிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

கார்த்திகை போய் மார்கழி பிறக்கும்போது மாமா வந்தார். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். அவர்கள் பிறந்த வீடு ஜெயங்கொண்டம் பக்கம். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மா. அவருக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வெற்றிலை பாக்குத் தட்டை அம்மா கையில் கொடுத்துக் காலில் விழுந்தார்.

“எக்கா, நீ வந்து முடிச்சுப் போட்டாத்தான் எனக்குக் கல்யாணம்” என்றார்.

எங்கள் பக்கம் தாலியில் மூன்று முடிச்சு. முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் அவருடைய அக்காளோ தங்கச்சியோ பின்னால் நின்று போடுவது. அம்மாவுக்கு வேறு நகையோ நட்டோ ஆசையில்லை. அந்த இரண்டு முடிச்சைப் போட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு பகலும் ஒரு இரவும் வீட்டை விட்டுப் போக வேண்டும்.

சிறுவாச்சூர் அத்தை வந்து தங்கித் தாத்தாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். “அவரு பெத்த பொண்ணு நான் இருக்கேன்ல, நீ நிம்மதியா போயிட்டு வா” என்றார். அன்றிலிருந்து அம்மா வேறு ஆள். டிரங்குப் பெட்டியில் கிடந்த அரக்குப் பட்டுச் சேலையை எடுத்து நிழலில் காயப்போட்டாள். ரவிக்கை பிடிக்கிறது என்று பிரித்துத் தைத்தாள். வெங்காயச் சாறு படிந்து கறுத்திருந்த விரல்களைப் புளி போட்டுத் தேய்த்தாள். “முடிச்சுப் போடறப்ப எல்லாரும் கையத்தான பாப்பாங்க” என்று என்னிடம் சொன்னாள். அவள் சிரித்து நான் அந்த வருஷம் பார்த்தது அந்த ஒரு வாரம்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் அத்தை வந்து இறங்கினார். அம்மா பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். அத்தை உள்ளே போனார். கஞ்சி கொடுத்துவிட்டுப் போன பிறகு அன்றைக்குத்தான் வந்திருந்தார், பாதியாக இளைத்துக் கிடந்தவரைப் பார்த்தார். “அப்பா! மலை மாதிரி நடப்பீங்களே அப்பா!” என்று நெஞ்சில் விழுந்து கதறினார். தாத்தாவும் அழுதார். அழுத வேகத்தில் அவருக்கு வெளிக்குப் போய்விட்டது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார், வாந்தி எடுத்தார். அம்மா பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாத்தாவைச் சுத்தம் செய்தாள்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். “எங்கப்பாவ இந்தக் கோலத்துல என்னால பாக்க முடியாதும்மா. நெஞ்சு வெடிச்சிரும். உனக்குப் பழகிப்போச்சு, நீ தாங்குவ” என்றார். அடுத்த பஸ்ஸில் சிறுவாச்சூருக்கே போய்விட்டார். அந்த அழுகை பொய்யில்லை, இன்றைக்கும் நான் சொல்வேன். பாசம் அதிகமாக இருந்தவர் பஸ் ஏறிவிட்டார். பாசமிருக்கிறதா என்று யாருமே கேட்காதவள் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள்.

அப்பா வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். “இப்ப என்ன பண்றது? நம்ம வூட்லேந்து ஒருத்தரும் போவலன்னா நல்லாருக்காதே.”

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் வேறு ஏதோ சொல்வார் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

“நீங்க போயிட்டு வாங்க. பாப்பாவ அழச்சிட்டுப் போங்க” என்றாள்.

நாங்கள் போனோம். பெரம்பலூர் போய், அரியலூர் போய், அங்கிருந்து ஜெயங்கொண்டம் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் சந்தோஷமாக முந்திரிக் கொல்லைகளை எண்ணிக்கொண்டு போனேன். இதிலே என்ன தப்பு என்று எனக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை, கல்யாண வீட்டில் விசாரித்த ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது யோசித்துப் பாருங்கள். படுத்திருப்பவர் அப்பாவைப் பெற்றவர். கல்யாணம் அம்மாவின் தம்பிக்கு. அவருடைய அப்பாவோடு அம்மா வீட்டில் இருக்கிறாள், அவளுடைய தம்பி கல்யாணத்துக்கு அப்பா பட்டுத் துண்டு போட்டுக்கொண்டு போகிறார்! நீ போ, நான் இருக்கிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. மனசில்லாமல் இல்லை ஐயா. அப்படி ஒரு வழி இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை. ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டுக்குள் நிற்க வேண்டியவள் அம்மா என்று சுவர் மாதிரி எழுப்பி வைத்திருந்தார்கள்.

கல்யாணத்தில் மாமா முதல் முடிச்சைப் போட்டார். ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி இரண்டாவதைப் போட்டாள். மூன்றாவதற்குக் கை போகும்போது மாமா தடுத்துவிட்டார். “அது எங்க அக்காளுக்கு” என்றார். மேளக்காரர் பாவம், நிறுத்துவதா அடிப்பதா என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார். அபசகுனம் என்றார்கள், கிறுக்குப் பயல் என்றார்கள். மாமா அசையவில்லை. சாப்பாடு முடிந்ததும் பெண்ணையும் எங்களையும் ஒரு வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார். துணைக்குப் பெண்ணின் பெரியம்மா வந்தார். புதுப்பெண் வழி முழுக்க ஒரு கையால் மஞ்சள் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தோம். கார்ச் சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. அம்மா பழைய சேலையில் வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டதும், “அடப்பாவி, அடப்பாவி” என்று மாமாவின் தோளில் அடித்தாள். ஓடிப்போய்க் கையைக் கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள். பெண்ணைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, பின்னால் நின்று, கயிற்றை எடுத்தாள். முடிச்சை இறுக்கிவிட்டு, அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

உள்ளே மணி அடித்தது.

“இருங்க, வந்துடறேன்” என்று அம்மா உள்ளே போனாள். எல்லோரும் வழக்கம்போலப் பாயில் உட்கார்ந்தார்கள். புதுப்பெண் உட்காரவில்லை. கல்யாணப் புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா பின்னாலேயே போனாள். “அடியே, தாலி ஈரங்கூட காயல, தீட்டுத் துணிகிட்ட போறியேடி!” என்று அவள் பெரியம்மா கத்தினார். நானும் கதவோரம் போய் நின்றேன்.

அம்மா ஒரு கையால் தாத்தாவின் தோளை நெம்பிக்கொண்டு, முழங்காலை அவர் இடுப்புக்கு முட்டுக் கொடுத்து, மறு கையால் அடித்துணியை உருவிக்கொண்டிருந்தாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள். புதுப்பெண் கட்டிலின் அந்தப் பக்கம் போய்த் துணியின் நுனியைப் பிடித்தாள்.

“எங்க வூட்ல எங்க தாத்தாவ எங்கம்மாவும் அப்பாவும் சேந்துதான் பொரட்டுவாங்க” என்றாள். “நீங்க தனியாவா அண்ணி செய்றீங்க?”

அவ்வளவுதான் கேட்டாள். தம்பி கல்யாணத்துக்குப் போக முடியாது என்று ஆனபோது அழாத அம்மா, அத்தை பஸ் ஏறினபோது அழாத அம்மா, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். அத்தனை மாதத்தில் அத்தனை பேர் வந்து போனார்களே, ஒருத்தர் அந்தக் கேள்வியைக் கேட்டார்களா? நல்ல வேளை, அவள் தெய்வம் கிய்வம் என்று ஒன்றும் சொல்லவில்லை. துணியை மடித்துக் கொடுத்துவிட்டு அழுகை முடிகிறவரைக்கும் நின்றாள்.

இருட்டுவதற்கு முன்னால் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். புதுப்பெண்ணா வந்து எங்கள் வீட்டில் தங்க முடியும்? பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும் வாசலில் கல்யாணக் கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா மாமாவின் பிடிவாதத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடியும் தாத்தாவைப் புரட்டிப் போடுகிற வேளை வந்தது. அம்மா கதவருகில் வந்து நின்றாள்.

“ஏங்க, உள்ள வாங்க.”

“என்ன?”

“அந்தப் பக்கம் புடிக்கணும்.”

வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சிரித்தபடியே, “நானா? எனக்கு அதெல்லாம் எப்படின்னு தெரியாதே” என்றார்.

“எனக்குந்தான் தெரியாம இருந்துச்சு.”

“ஏம்மா, ஆம்பள போயி அந்த வேலையெல்லாம்...” என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. “எனக்கு அவரு மாமனாருங்க. இவருக்குத்தான் அப்பா” என்றாள்.

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துத் திண்டாடி, எங்கே வைப்பதென்று தெரியாமல் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கட்டிலின் அந்தப் பக்கம் நின்றார். தாத்தா கண்ணை மூடிக்கொள்ளாமல் மகனையே பார்த்தார். அம்மா சொன்னபடி அப்பா தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்துத் தன் பக்கமாக மெதுவாகச் சாய்த்தார். பழக்கமில்லாத கை என்பதால் தாத்தாவின் தலை அவர் மார்பில் போய் முட்டியது. அம்மா விளக்கை எடுத்து முதுகுப் பக்கம் காட்டினாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். இடுப்பெலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். துணி ஒட்டாமலிருக்க அம்மா வைத்த வாழையிலைத் துண்டு ஓரத்தில் ஒட்டியிருந்தது. அப்பாவின் முகம் என்னவோ ஆகிவிட்டது.

“எப்பலேந்து இது?” என்றார்.

“கார்த்திகையிலேந்து” என்றாள் அம்மா. “நழுவுறாரு பாருங்க, நல்லா புடிங்க.”